பத்து புள்ளி எட்டு மில்லிமீட்டர்

மத்திகிரி
8 ஜூலை 2025

மாப்பிள்ளை முனிவேல் அவர்களுக்கு, திம்மராயன் எழுதுவது.

நேற்று நீங்கள் போனில் பேசியபோது என்னால் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியவில்லை. என் குரல் சின்னது. உங்களுடையது கல் உடைக்கும் கிரஷருக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பழகிய குரல். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

உங்கள் முக்கால் இஞ்ச் ஜல்லி தேறாது என்று நான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டது பழிவாங்கல் என்கிறீர்கள். பொங்கல் பந்தியில் என்னைக் காட்டி, "கல்லு எண்ணியே தலை நரைச்ச மனுஷன்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை ஆறு மாதம் உள்ளே வைத்திருந்து உங்கள் ஜல்லியின் மேல் தீர்த்துக்கொண்டேனாம். என் தங்கையின் கணவர் என்னைப் பற்றி இப்படி நினைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். சொந்தக்காரர் கல் என்பதால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள் என்று லேப் முதலாளி பிரதாப்பிடம் கேட்டேன். "வேற யார் சார் இருக்காங்க?" என்றார். மூட்டையைக் கொட்டி, கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை எடுத்துச் சலித்தேன். ஒவ்வொரு சல்லடையில் நின்றதிலும் இருநூறு கல்லுக்குக் குறையாமல் எடுத்து, ஒவ்வொன்றாக அளவுத் தகட்டின் துளையில் நுழைத்துப் பார்த்தேன். இருபது மில்லிமீட்டருக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட கல்லுக்கு அந்தத் துளையின் அகலம் பத்து புள்ளி எட்டு. நுழைந்தால் சப்பை. நுழையாததை இன்னொரு தகட்டில் வைத்து, அது நீளக்கல்லா என்று பார்க்க வேண்டும். சப்பையும் நீளமும் சேர்ந்து நூற்றுக்கு நாற்பதைத் தாண்டக் கூடாது. உங்களுடையது நாற்பத்து நான்கு. நம்ப முடியாமல் மறுநாளும் செய்தேன். நாற்பத்து நான்குதான்.

சப்பைக் கல் கான்கிரீட்டில் படுத்துக்கொள்ளும். அதன் அடியில் தண்ணீர் தங்கும். காய்ந்த பிறகு அந்த இடம் பொள்ளல். நீங்கள் ஜல்லி அனுப்புவது பாலத்துக்கு. நான் வேறு என்ன எழுதியிருக்க வேண்டும்?

சோதித்தது போக மீதி ஜல்லி லேப்பின் பின்பக்க ஷெட்டில், உங்கள் பெயர் எழுதிய சாக்கில் இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் கொடுத்துப் பாருங்கள்.

தங்கை மாதம்மாளிடம் நான் விசாரித்ததாகச் சொல்லவும்.

திம்மராயன்


குருபரப்பள்ளி
11 ஜூலை

மச்சானுக்கு,

எனக்குக் கோர்வையா எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மருமக ரேவதி எழுதறா. ஒரு வார்த்தை விடக் கூடாது, மழுப்பக் கூடாதுன்னு சொல்லித்தான் உட்கார வச்சிருக்கேன்.

எழுத்துல யாரும் குறுக்க பேச முடியாதாம். பாத்தியா ரேவதி, எவ்ளோ விவரமான மனுஷன்! மாமா, இதையும் எழுதணுமா? எழுதுன்னா எழுது.

மச்சான், பாலத்து வேலைக்குப் போன எட்டு லாரியைத் திருப்பி அனுப்பிட்டானுங்க. எட்டும் ஹைவேயில வரிசையா என் பட்டறைக்கு வந்து நிக்குது. பாத்தவன் எல்லாம் கேக்கறான். டீக்கடையில டிரைவருங்க எனக்குப் பேர் வச்சுட்டானுங்க. சப்பை முனிவேல். இருபத்திரண்டு வருசமா கல்லு உடைக்கறேன், இந்தப் பேர் நீங்க வாங்கிக் குடுத்தது. மாசக் கடைசிக்குள்ள சரியான ரிப்போர்ட் வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னு கான்ட்ராக்டர் சொல்லிட்டான்.

நான் என்ன கண்ணை மூடிக்கிட்டா உடைக்கறேன்? போன மாசியில ஹரீஷ்குமார் பட்டறையை மூடினப்ப அவனோட வீஎஸ்ஐ மிஷினை வாங்கிப் போட்டேனே, எதுக்கு? கல்லைக் கல்லோட மோதவிட்டுச் சப்பையை ஒடைக்கிற மிஷின் அது. அதுல பூந்து வந்த கல்லு சப்பையா? நான் கையில எடுத்துப் பாக்கறேன், உருண்டையா பால்கோவா மாதிரி இருக்கு. மாமா, பால்கோவா உருண்டையா இருக்காது. நீ எழுதும்மா.

என் கல்லை நீங்க டெஸ்ட் பண்றீங்க. சரி. உங்க தகட்டை எவன் டெஸ்ட் பண்ணான்? அதைச் சொல்லுங்க முதல்ல.

உங்க தங்கச்சி நாலு நாளா எங்கிட்ட பேசறதில்ல. சோத்தை வைக்கறா, மூஞ்சியைத் திருப்பிக்கறா. சப்பைன்னு எழுதினது அண்ணன், முறைக்கறது என்னை.

முனிவேல்


மத்திகிரி
15 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. ரேவதி ஒரு வார்த்தையும் விடவில்லை என்று தெரிகிறது.

பாலிடெக்னிக்கில் முப்பத்தொரு வருடம் லேப் பார்த்தவன் நான். ஓய்வுக்குப் பிறகு இங்கே ஆறு வருடம். என்னிடம் "தகட்டை எவன் டெஸ்ட் பண்ணான்" என்று கேட்பது, சமைக்கிறவரிடம் கை கழுவினாயா என்று கேட்பதைவிட மோசம். தகட்டின் மேல் இந்த ஆண்டுத் தேதியிட்ட அளவுச் சான்று ஒட்டியிருக்கிறது. அதை நான் வேறு யாரையும் தொடவிட்டதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் துடைத்து, கல் உரசிக் கிளம்பிய பிசிறை மெல்லிய அரத்தால் நீவி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைக்கிறேன். இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? கோபத்தில் பேசினீர்கள் என்று எடுத்துக்கொள்ளவும் பார்த்தேன். முடியவில்லை. இந்த ஒரு கேள்விக்காவது நீங்கள் வருத்தம் தெரிவிக்க வேண்டும்.

17 ஜூலை

மேலே உள்ளதைச் செவ்வாய்க்கிழமை எழுதினேன். தபாலில் போடுவதற்கு முன், உங்களுக்கு எண்ணாகவே பதில் சொல்லிவிடலாம் என்று நேற்று வெர்னியரை எடுத்துத் துளையை அளந்தேன்.

பதினொன்று புள்ளி ஆறு.

வெர்னியரில் பிழை என்று நினைத்தேன். வேறு வெர்னியர் வாங்கி வந்தேன். பதினொன்று புள்ளி ஆறு. துளையின் நடுவில் இன்னும் கொஞ்சம் அதிகம்.

கல் தேய்த்தது சிறிதளவுதான் இருக்கும். மீதியை நான் தேய்த்தேன், மாப்பிள்ளை. அரத்தால், சனிக்கிழமைதோறும். துளை அகலமானால் சப்பை இல்லாத கல்லும் உள்ளே நுழையும். நான் நுழைந்ததை எல்லாம் சப்பைத் தட்டில் போட்டேன். சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டே போட்டேன். அந்தச் சான்றும் வெறும் காகிதம். இந்த ஆறு வருடத்தில் தகடு அலமாரியை விட்டு எங்கும் போனதில்லை என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? அது எப்படிச் சான்று வாங்கியது என்று ஒரு முறையும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

பாலிடெக்னிக்கிலிருந்து புதுத் தகடு இரவல் வாங்கி, சாக்கிலிருந்த உங்கள் ஜல்லியை மறுபடி பார்த்தேன். முப்பத்து ஏழு. தேறுகிறது. புது ரிப்போர்ட் இத்துடன் இருக்கிறது. பிரதாப்பும் கையெழுத்திட்டிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை எழுதியதை அடிக்கவில்லை. நான் என்ன மாதிரி ஆள் என்பது அதில் இருக்கிறது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி. உங்களுக்கு வந்த பெயருக்கு நான்தான் காரணம்.

திம்மராயன்


குருபரப்பள்ளி
22 ஜூலை

மச்சானுக்கு,

ரிப்போர்ட்டைக் காட்டினேன். நேத்துலருந்து லாரி போகுது. கான்ட்ராக்டர் ரெண்டு கையாலயும் கும்பிட்டான்.

டீக்கடைக்குப் போய் ரிப்போர்ட்டைப் பிரிச்சு மேஜை மேல வச்சேன். படிங்கடா, எவன்டா சப்பைன்னு கேட்டேன். நம்ம டிரைவர் மணி குனிஞ்சு பாத்துட்டு, "மொதலாளி, இது இங்கிலீஷ்ல இருக்கு"ன்னான்.

உங்க மேல கோவம் போயிடுச்சு மச்சான். எத்தனை பேரு தப்பைத் தப்புன்னு ஒத்துப்பான்? உங்க கடிதாசைப் படிச்சுட்டு உங்க தங்கச்சி அழுதா. அழுதுட்டு எங்கிட்ட பேசினா. ஞாயித்துக்கிழமை வாங்க. நாட்டுக்கோழி, களி. பந்தியில இனிமே உங்களைக் கிண்டல் பண்ணினா என்னைக் கேளுங்க.

முனிவேல்
(மாமா சொல்லாமல் நானே சேர்ப்பது: அவசியம் வாருங்கள். வீடு இப்போதுதான் வீடாக இருக்கிறது. ரேவதி.)


மத்திகிரி
28 ஜூலை 2025

மாப்பிள்ளைக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வராததற்கு மாதம்மாளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். அன்று நான் லேப்பில் இருந்தேன்.

உங்கள் ரிப்போர்ட்டைத் திருத்தியதும் விஷயம் முடிந்துவிட்டது என்று ஒரு நாள் முழுக்க நினைத்திருந்தேன். அடுத்த நாள் பதிவேட்டை எடுத்தேன். துளை எந்த மாதத்தில் எவ்வளவு விரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் கடந்த இரண்டு வருடத்தில் நாற்பதைக் கொஞ்சமாகத் தாண்டி நான் தள்ளிய ரிப்போர்ட், உங்களுடையதைத் தவிர, பத்தொன்பது. ஒன்பது கிரஷர்கள். உங்களுக்கு என் வீட்டு முகவரி தெரியும், திட்டி எழுதினீர்கள். மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

பிரதாப்பிடம் சொன்னேன். எல்லோருக்கும் எழுதி அந்த ரிப்போர்ட்டுகளைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன்.

"எதுக்கு சார்?" என்றார். "ஆகாததை ஆகும்னு நாம சொல்லலையே. நல்லதைத்தானே ஆகாதுன்னோம். எந்தக் கட்டடமும் இடிஞ்சு விழப் போறதில்ல. புதுத் தகடு வாங்கியாச்சு. பழைய கதை எதுக்கு? வெள்ளிக்கிழமைக்குள்ள பின்னாடி ஷெட்டையும் கிளீன் பண்ணிடுங்க. சாக்கு நிறைய சேர்ந்துடுச்சு."

நான் "சரி" என்றேன். எனக்கு அப்படித்தான் வருகிறது. வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது. கட்டடம் விழாவிட்டால் போதுமா? மனிதர் விழுந்தால் அது கணக்கில் வராதா? எதிரே யாரும் இல்லாத நேரத்தில்தான் எனக்கு இதெல்லாம் சொல்ல வருகிறது.

ஹரீஷ்குமாரை நீங்கள் அறிவீர்கள். அவர் ஜல்லியை முதல் முறை தள்ளியது நான். நாற்பத்து மூன்று. அதைச் சரி செய்யக் கடன் வாங்கி அந்த வீஎஸ்ஐ மிஷினைப் போட்டார். மறுபடி மூட்டை கொண்டுவந்தார். நாற்பத்து இரண்டு என்றேன். மிஷினைக் கழற்றித் திருப்பிப் பூட்டி, டிசம்பரில் மூன்றாவது மூட்டை. மீண்டும் நாற்பத்து இரண்டு. அன்று ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு, "என் கல்லுலயே ஏதோ கோளாறு போல சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த மூன்றாவது மூட்டையின் மீதி ஷெட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதைப் புதுத் தகட்டில் பார்த்தேன். மூன்று தடவை.

முப்பத்து ஆறு. உங்கள் கல்லைவிட ஒன்று நல்லது.

அவரிடம் சொல்லத்தான் போகிறேன். முதலில் உங்களிடம் சொல்வது முறை என்று பட்டது.

திம்மராயன்


குருபரப்பள்ளி
2 ஆகஸ்ட்

மச்சானுக்கு,

வேணாம். இதை ரேவதி மூணு தடவை எழுதட்டும். வேணாம். வேணாம்.

உங்க முதலாளி பிரதாப் சொல்றது நியாயம். எனக்குத் தப்பு நடந்துச்சு, நான் கேட்டேன், நீங்க திருத்தினீங்க. மத்தவனுங்க கேட்டானுங்களா? அவனவன் வேற லேப் பாத்துக்கிட்டான், வேற வேலைக்குப் போயிட்டான். ஹரீஷ்குமார் இப்ப தளியிலருந்து கோஸ் ஏத்தி டெம்போ ஓட்டறான். நிம்மதியா இருக்கான். அவங்கிட்ட போய் உன் கல்லு நல்ல கல்லுடான்னு சொல்லி என்ன பண்ணப் போறீங்க? பட்டறையைத் திருப்பிக் குடுப்பீங்களா?

அவன் நேரா எங்க வருவான்? உங்க லேப்புக்கா? என் வாசலுக்கு வருவான். அவன் மிஷின் என் பட்டறையில ஓடுது மச்சான். நான் திருடல. அவன் வித்தான், நான் வாங்கினேன். ஆனா ஊரு அப்படிப் பேசாது. மச்சான் தள்ளிவிட்டாரு, மாப்பிள்ளை அள்ளிக்கிட்டாருன்னு பேசும். சப்பைங்கற பேரையே இப்பத்தான் தொடச்சேன்.

ஒண்ணு சொல்லிடறேன். நீங்க அவங்கிட்ட போனா என் வீட்டுப் படி ஏற வேணாம். உங்க தங்கச்சி அழுதாலும் சரி. காலமெல்லாம் வாயைத் திறக்காத மனுஷனுக்கு என் விஷயத்துலதான் வாய் வரணுமா?

மாமா, கடைசி வரியை எடுத்துடட்டுமா? இருக்கட்டும்.

முனிவேல்


மத்திகிரி
12 ஆகஸ்ட் 2025

மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். நீங்கள் சொல்வது சரியாக இருக்குமோ என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் எதிராளி சொல்வதுதான் சரி என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு முறை படித்தபோதும் ஒரே இடத்தில் கோபம் வந்தது. உங்கள் ஜல்லியைத் தவறாகத் தள்ளியபோது அது அநியாயம். அவருடையதைத் தள்ளியது மட்டும் எப்படிப் பழைய கதை? எட்டு லாரி திரும்பி வந்ததற்கு என்னை அந்தப் பாடு படுத்தினீர்கள். அவருக்குப் பட்டறையே போனது.

ஒன்பது பேருக்கும் பதிவுத் தபாலில் எழுதிவிட்டேன். என் சொந்தத் தாளில், என் பெயரில். பிரதாப்பிடம் ஒரு நகல் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். "உங்களை அப்பா மாதிரி நினைச்சேன் சார்" என்றார். பிறகு, "நாளைலருந்து வர வேணாம்" என்றார். என் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஹரீஷ்குமாருக்கு மட்டும் தபால் போதாது என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை, குருபரப்பள்ளியில் ஹைவே ஓரத்து டீக்கடையில் டெம்போவை நிறுத்துவார் என்று கேள்விப்பட்டுப் போனேன். உங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனேன். பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன், மாதம்மாள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கூப்பிடவில்லை.

அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, "உக்காருங்க சார், டீ சொல்லட்டா?" என்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் காதில் கையை வைத்து, "கேக்கல சார்" என்றார். மறுபடி சொன்னேன். அவர் முகம் மாறியது. முதல் தடவையே கேட்டிருக்கிறது என்று அப்போது புரிந்தது.

"இன்னொந்து சல ஹேளி சார்" என்றார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கன்னடத்தில். பிறகு தமிழில், கடைக்கே கேட்கும்படி: "கத்திச் சொல்லுங்க. என் கல்லு ஆகாதுன்னு சொன்னப்ப இந்தக் கடையில இருந்த எல்லாருக்கும் தெரியும். இப்பவும் தெரியட்டும்."

டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் மணியும் இருந்தான். நான் எழுந்து நின்றேன். என்னால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்: "ஹரீஷ்குமாரோட கல்லு நல்ல கல்லு. தப்பு என் தகட்டுல. தேய்ச்சது நான்."

கடையில் யாரோ, "பெரிசு, அதை எட்டு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா ஆகாதா?" என்றார்கள். ஹரீஷ்குமார் என்னை மன்னிக்கவில்லை. மன்னிக்கும்படி நான் கேட்கவும் இல்லை. ரோட்டைப் பார்த்தபடி இதைச் சொன்னார்:

"மிஷினைத் திருப்பிக் குடுன்னு கேக்க மாட்டேன். வித்தது வித்ததுதான். ஆனா அதைக் கழட்டி லாரியில ஏத்தறப்ப உங்க மாப்பிள்ளை என் ஆளுங்க முன்னாடி என்ன சொன்னாரு தெரியுமா? 'கல்லே சரியில்லாதவனுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய மிஷின்'னு. எங்கம்மா நின்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. அந்த வார்த்தையை அவரு திருப்பி வாங்கிக்கணும். அந்த மிஷின் முன்னாடியே."

இதை நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை, மாப்பிள்ளை. அந்த வார்த்தையை உங்கள் வாயில் வைத்தது என் ரிப்போர்ட்தான். ஆனால் சொன்னது நீங்கள்.

வரும் திங்கட்கிழமை, பதினெட்டாம் தேதி, காலை பத்து மணிக்கு அவரும் அவருடைய அம்மா இருளாயியும் உங்கள் பட்டறைக்கு வருகிறார்கள். நானும் அவர்களுடன் வருகிறேன். உங்கள் வீட்டுப் படி ஏற மாட்டேன், அது உங்கள் உரிமை. பட்டறை கேட்டில் என்னை நிறுத்தினாலும் நிற்கிறேன். அவர்களை நிறுத்தாதீர்கள்.

திம்மராயன்


சூளகிரி பட்டறையிலிருந்து
16 ஆகஸ்ட்

மச்சானுக்கு,

இதை மணி கையில குடுத்து அனுப்பறேன். தபாலுக்கு நேரம் இல்ல. ரேவதியும் இல்ல, நானே எழுதறேன். எழுத்து கோணலா இருக்கும்.

எனக்குக் கோவம் தீரல. டீக்கடையில நீங்க கத்தினதை மணி வந்து சொன்னப்ப அவனை ரெண்டு அறை அறையலாம்னு இருந்துச்சு. ஹரீஷ்குமாரை விடுங்க, மத்த எட்டு பேருக்கும் பதிவுத் தபால் அனுப்பினதை நான் மன்னிக்க மாட்டேன். ரெண்டு பேரு இப்பவே கான்ட்ராக்டர்கிட்ட போய் நின்னுட்டானுங்க. என் பாதி லோடு போயிடும்.

அந்த வார்த்தையைச் சொன்னேன். இல்லைன்னு சொல்லல. அந்தம்மா அங்க நின்னது எனக்குத் தெரியாது. உங்க தங்கச்சிகிட்ட நேத்து சொன்னேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா. என்னைச் சப்பைன்னு சொன்னதுக்கு நான் எத்தனை நாள் தூங்கலன்னு.

திங்கக்கிழமை வாங்க. மூணு பேரும். வாசல்ல யாரும் நிக்க வேணாம்.

மிஷின் ஓடறப்ப பக்கத்துல நின்னு பேசினா ஒண்ணும் கேக்காது. நான் சொல்றது அந்தம்மாவுக்குக் கேக்கணும். பத்து மணிக்கு நிறுத்தச் சொல்லியிருக்கேன்.

முனிவேல்